நான்கு பூட்டுப் பெட்டகம்



புராட்டஸ்டண்டு சமயத்தின் உதயத்தைப் பேசப் புகுவோர், 1517ஆம் ஆண்டில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து மார்ட்டின் லூதர் விட்டன்பர்க்கில் வெளியிட்ட 95 வாதங்களிலிருந்து தொடங்குவது சம்பிரதாயம். அது தாங்கள் கேட்டுப் பழகிய கதையாதலால், அவ்வளவு பிரசித்தி பெறாத லைஸ்னிக் என்னும் சாக்சனிச் சிற்றூருக்குத் தங்களை அழைத்துச் செல்கிறேன்.

1523ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சபையார், அண்டையிலிருந்த மடத்தின் வசமிருந்த குருநியமன உரிமையைத் தாமே கைக்கொண்டு, கோயில் மானியங்களையும் தருமக் காணிக்கைகளையும் ஒரே பெட்டகத்தில் சேர்த்துப் பரிபாலிப்பதென்று ஒரு சாசனம் வகுத்தார்கள். லூதரே அதற்கு முகவுரை எழுதி அச்சிடுவித்தார். பெட்டகத்துக்குப் பூட்டுகள் நான்கு: ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகரசபையாரிடம், ஒன்று பட்டணத்துக் குடிகளிடம், மற்றொன்று சுற்றுப்புறத்து உழவர்களிடம். நிர்வாகிகள் பதின்மரில் உழவர் மூவர்; பிரபுக்களோ இருவர்தாம். குடியானவனின் சாவியின்றிப் பிரபுவும் ஒரு காசு எடுக்கலாகாது என்பது அக்காலத்தில் சாமானிய சங்கதியா?

விசுவாசத்தினாலன்றித் தானதருமத்தினால் மோட்சம் சித்திக்காது என்று லூதர் போதித்தபின், பிச்சையிடுவோனுக்குப் புண்ணியக் கணக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே பிச்சை தடுக்கப்பட்டு, முதியோரையும் அநாதைகளையும் போஷிப்பதும், நொடித்துப்போன தொழிலாளிக்குக் கடன் கொடுப்பதும், பஞ்சகாலத்துக்குத் தானியம் சேமிப்பதும், சிறுமியருக்கும் ஓர் ஆசிரியையை அமர்த்திக் கல்வி புகட்டுவதும் பெட்டகத்தின் கடமைகளாயின. ஏட்டில் எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை. நகரசபையார் மானியங்களை ஒப்படைக்க மறுக்கவே, லூதர் சாக்சனி அதிபதியிடம் முறையிட நேர்ந்தது.

இரண்டு வருஷத்துக்குள், மெமிங்கனில் கூடிய உழவர்கள் 12 கோரிக்கைகளை வெளியிட்டார்கள். முதற்கோரிக்கை, தங்கள் குருவைத் தாங்களே தெரிந்தெடுக்கும் உரிமை. லைஸ்னிக் சபையாருக்கு லூதர் வேதாகமத்தை ஆதாரம் காட்டி அங்கீகரித்த அதே உரிமை. கிறிஸ்து தம் இரத்தத்தால் எல்லோரையும் மீட்டாராகையால் அடிமைத்தனம் தகாது என்றும் வாதித்தார்கள். பிரபுக்களின் கொடுமையை முதலில் இடித்துரைத்த லூதர், கலகம் மூண்டபின், வாளெடுத்து அடக்கும்படி அவர்களையே ஏவினார். அவருடைய வாழ்க்கையில் இதை எளிதில் மன்னிக்க என்னால் இயலவில்லை. 1525ஆம் ஆண்டில் பல்லாயிரம் உழவர் மடிந்தார்கள்.

அதன்பின் சபைகளின் மேற்பார்வை சபையாரிடம் நில்லாமல் அதிபதியின் கைக்குப் போயிற்று: 1527 முதல் சாக்சனியில் ஊர் ஊராகச் சென்று, குருமாரின் யோக்கியதையையும் சபைகளின் வருமானத்தையும் விசாரித்தவர்கள், அதிபதி அனுப்பிய பண்டிதர்களும் நியாய சாஸ்திரிகளும் பிரபுக்களுமே.