கிடப்பில் இடப்பட்ட குடும்பங்கள்



ஓர் அரசு எதனாற் கவிழும்? போரில் தோற்றாற் கவிழும். கருவூலம் வறண்டாற் கவிழும். ஆளுங்கட்சி பிளந்தாற் கவிழும். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லாத, அந் நாட்டு மொழியும் அறியாத, கடல்கடந்து வந்த எளிய குடும்பங்களுக்கு இழைத்த தீங்கினால் ஓர் அரசு கவிழ்ந்தது என்றால் கேட்போர் வியப்பர். ஆயினும் அது நடந்தது. 1993-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வட ஐரோப்பாவின் டென்மார்க்கு நாட்டில் நடந்தது. அக் குடும்பங்கள் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். அந் நாட்டு வரலாற்றில் அந் நிகழ்ச்சிக்குத் 'தமிழர் வழக்கு' என்பதே பெயர்.

ஐரோப்பாவிற்குள் வரும் ஏதிலியரைப் பற்றி இன்று நாள்தோறும் பேசப்படுகிறது. எல்லையில் வேலி, கடலிற் காவல், நாட்டுக்கு நாடு பங்கீடு என்று எண்ணிக்கைகளே பேசப்படுகின்றன. எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்கும் கணவனும் மனைவியும் குழந்தையும் பேசப்படுவதில்லை. ஏதிலியர்பால் அரசுகள் இழைக்கும் பெருந்தவறு, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டி ஒதுக்கி வைப்பதே. டென்மார்க்கின் நாற்பதாண்டு வரலாறு இதற்குச் சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1951-இல், ஏதிலியர் உரிமை பற்றிய உடன்படிக்கை செனீவா நகரில் உருவாயிற்று. இனம், சமயம், நாட்டினம், அரசியற் கருத்து, குறித்ததொரு குமுகாயப் பிரிவைச் சார்ந்திருத்தல் ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தகுந்த அச்சத்தால் தாய்நாட்டை நீங்கியவரே ஏதிலியர் என்று அது வரையறுத்தது. அத்தகையோரை அச்சம் நிறைந்த இடத்திற்கே திருப்பியனுப்புதல் கூடாது என்பது அதன் உயிர்நாடி. அதற்கு முதன்முதல் ஏற்பளித்த நாடு டென்மார்க்கே, ஆண்டு 1952. அந் நாடு இதனைப் பெருமையாகவே கொண்டது.

1983-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அங்குப் புதிய அயலார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முறைமன்ற அமைச்சராயிருந்த எரிக் நின்-ஆன்சன் முதலிற் கொணர்ந்த வரைவு இறுக்கமானது; நாடாளுமன்றப் பெரும்பான்மையோர் அதனைத் தளர்த்தியே நிறைவேற்றினர். ஏதிலியாக ஏற்கப்பட்டவர் தம் வாழ்க்கைத் துணையையும் அகவை நிரம்பாத மக்களையும் வரவழைத்துக்கொள்வதை அச்சட்டம் உரிமையாக்கிற்று. அமைச்சர் மனம் இரங்கினால் தருவது, இல்லையேல் மறுப்பது என்ற நிலை அதனால் நீங்கிற்று. இவ் வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

அதே 1983-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையிற் கொடிய இனப்படுகொலை நிகழ்ந்தது. வீடிழந்தோரும் உறவிழந்தோரும் உயிர்பிழைக்க ஓடினர். செருமனி, பிரான்சு, சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க்கு எனத் தமிழர் சிதறினர். பெரும்பாலும் இளைஞரும் குடும்பத் தலைவருமே முதலிற் சென்றனர். வழிச்செலவுக்குப் பொருள் போதாமையாலும் வழியின் இடர்ப்பாட்டாலும் மனைவி மக்கள் ஈழத்திலேயே நின்றனர். சென்றவர் ஏதிலியாக ஏற்கப்பட்டதும் செய்த முதல் வேலை, குடும்பத்தை அழைத்துக்கொள்ள எழுத்துவழி வேண்டிக்கொண்டதே.

1987-ஆம் ஆண்டு இளவேனில் கழிந்து கோடையும் முடிந்த வேளை. அவ்வாண்டு சூலை 29-இல் இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. இனி அமைதி வந்துவிடும், தமிழர் திரும்பிச் செல்வர், குடும்பங்களை இங்கு வரவழைப்பானேன் என்னும் எண்ணம் அமைச்சருக்கு. செப்தம்பரில், தமிழர் குடும்பங்களின் வேண்டுகைகளை எடுத்துப் பாராமல் ஒதுக்கி வைக்குமாறு அவர் அலுவலர்க்குப் பணித்தார். சட்டம் திருத்தப்படவில்லை, நாடாளுமன்றத்திற்கும் அறிவிக்கப்படவில்லை. மறுத்து விடை தந்தாலாவது அதன்மேல் முறையிட வழியுண்டு. இங்கு மறுப்புமில்லை, ஏற்புமில்லை. தாள்கள் கிடப்பில் இடப்பட்டன, அவ்வளவே.

ஈழத்திலோ அமைதி வரவில்லை. அக்டோபரிலேயே இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. கோபனேகன் அலுவலகத்தில் தாள்கள் உறங்கின. யாழ்ப்பாணத்தில் குண்டுகள் வெடித்தன. தாள் நகர்ந்திருந்தால் குண்டுக்கு அப்பால் இருந்திருக்க வேண்டிய பெண்டிரும் குழந்தைகளும் குண்டுக்கு நடுவே இருந்தனர். 1989 தொடக்கம்வரை இந் நிலை நீடித்தது.

நாடாளுமன்றக் குறைகேள் அலுவலர் இதனை ஆய்ந்து கண்டித்தார். செய்தித்தாள்களும் எதிர்க்கட்சியாரும் வினாக்களை எழுப்பினர். 1989 ஏப்பிரலில், தலைமையமைச்சர் பவுல் சிலூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்தின் அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். அச் சொல்லே அவரைப் பின்தொடர்ந்தது. உச்சமுறைமன்ற நடுவர் மோகன்சு ஓர்ன்சுலெத்து உசாவலுக்கு அமர்த்தப்பட்டார். அவர்தம் அறிக்கை 1993 சனவரியில் வெளிவந்தது. வேண்டுகைகளை நிறுத்தி வைத்தது சட்டப்புறம்பு என்றும், தலைமையமைச்சர் நாடாளுமன்றத்திற்குத் தந்த செய்தி பிழையானது என்றும் அது காட்டிற்று. பத்தாண்டுக்கு மேல் ஆண்ட சிலூட்டர் பொறுப்பினின்று விலகினார். ஆட்சி எதிர்க்கட்சியாரின் கைக்கு மாறிற்று.

அமைச்சர்மேல் வழக்குத் தொடுக்க அந் நாட்டில் தனியொரு மன்றம் உண்டு. உச்சமுறைமன்ற நடுவரும் நாடாளுமன்றம் தெரிந்தெடுத்தோரும் ஒத்த எண்ணிக்கையில் அமர்வர். 1910-க்குப் பின் கூடாதிருந்த அம்மன்றம் நின்-ஆன்சனுக்காகக் கூடிற்று. 1995 சூன் 22-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நான்கு திங்கள் சிறை, அதுவும் நிறுத்திவைத்த ஒறுப்பு. ஒறுப்பு சிறிதே. ஆயினும், அமைச்சரின் வாய்ச்சொல் சட்டத்தினும் மேலானதன்று என்பது, நாதியற்றோர் என்று கருதப்பட்ட தமிழரின் பெயரால் அங்கு நிலைநாட்டப்பட்டது.

தோழர்களே, குடும்பம் பிரிந்திருப்பதால் ஏதிலியின் வாழ்வில் நிகழ்வது யாது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வந்த நாட்டின் மொழியைக் கற்க வேண்டும், தொழில் பழக வேண்டும், அண்டை அயலாரோடு பழக வேண்டும் என்று அரசு அவனுக்குச் சொல்கிறது. சொல்வது முறையே. ஆனால் மனைவி உயிரோடிருக்கிறாளா என்று அறியாதவன் வகுப்பில் அமர்ந்தாலும் அவன் செவி அங்கில்லை. ஈட்டும் பொருளெல்லாம் ஊருக்கும் வழித்தரகர்க்கும் போகிறது. இங்கு நிலைப்போமா என்ற ஐயத்தில் எதனையும் தொடங்கத் துணிவதில்லை. குடும்பம் வந்து சேர்ந்ததும் குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. தாய் கடைத்தெருவுக்குச் செல்கிறாள். பள்ளியும் கடையும் மருத்துவமனையுமே மொழி கற்பிக்கும் வகுப்புகளாகின்றன.

கிடப்பிலிருந்து மீண்ட தமிழ்க் குடும்பங்களின் வாழ்வே இதற்குக் கண்கூடான சான்று. யூட்லாந்து நிலப்பகுதியின் எர்னிங், பிராண்டே முதலிய ஊர்களில் அவர்கள் வேரூன்றினர். தொழிற்சாலைகளில் உழைத்தனர், டேனிய மொழி கற்றனர், கோயில் கட்டினர். அவர்தம் மக்கள் டேனியப் பள்ளிகளிற் பயின்று பல தொழில்களிலும் புகுந்தனர். கிழமையிறுதியில் பெற்றோர் தாமே பள்ளி நடத்தித் தமிழ் கற்பித்தனர். 2002-இல், ஐரோப்பிய ஒன்றியத்தையும் அதனோடு உடன்படிக்கை கொண்ட சில நாடுகளையும் சாராத குழந்தைகட்குத் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்று நகராட்சிகட்கு இருந்த கடமை நீக்கப்பட்ட பின்னர், அப் பெற்றோர் பள்ளிகளின் தேவை இன்னும் மிகுந்தது. டேனிய மொழியிற் படித்துத் தமிழிற் பேசும் பிள்ளை இரண்டிற்கும் இழப்பில்லை.

ஆயினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2001-க்குப் பின் வந்த அரசுகள் சட்டத்தைப் படிப்படியாக இறுக்கின. வேற்றுநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள இருவரும் 24 அகவை நிரம்பியிருத்தல் வேண்டும் என்ற நெறி 2002-இல் வந்தது. 2015-இற் சிரியப் போரினின்று தப்பியோர் பெருந்திரளாக வந்தனர்; அவ்வாண்டு டென்மார்க்கில் புகலிடம் வேண்டியோர் ஏறத்தாழ 21,000 பேர். 2016 சனவரியில், போரின் பொதுவான கொடுமை கருதி மட்டும் குறுங்காலப் பாதுகாப்புப் பெற்றோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மூன்றாண்டு காத்திருத்தல் வேண்டும் என்று சட்டமியற்றப்பட்டது. 1987-இல் அமைச்சர் சட்டத்தை மீறிச் செய்ததை, 2016-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியே செய்தது. மீறுதலைக் கண்டுபிடிக்கக் குறைகேள் அலுவலர் உண்டு; சட்டமே காத்திருக்கச் சொன்னால் முறையிடுவது யாரிடம்?

முறையிட ஓரிடம் இருந்தது. சிரியாவினின்று வந்த ஒருவர் தம் மனைவியை அழைத்துக்கொள்ள மறுக்கப்பட்டு, இசுட்ராசுபர்க்கு நகரின் ஐரோப்பிய மாந்தவுரிமை முறைமன்றத்தை நாடினார். 2021 சூலை 9-இல் தீர்ப்பு வந்தது. குடியேற்றத்திற்கு அரசு வரம்பு கட்டலாம். ஆனால் அவரவர் நிலையைத் தனித்துப் பாராமல் எல்லார்க்கும் ஒரே மூன்றாண்டு என்று பூட்டுதல் குடும்ப வாழ்வின் உரிமைக்கு மாறு என்று அம்மன்றம் கூறிற்று. காத்திருப்பு பின்னர் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது.

அதே 2021-இன் இறுதியில், அமைச்சர் வழக்கிற்கான தனிமன்றம் மீண்டும் கூடித் தீர்ப்பளித்தது. இம்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், ஒருங்கிணைப்பு அமைச்சராயிருந்த இங்கர் சுதொய்பெர் அம்மையார். ஏதிலியர் இல்லங்களில் இணையருள் ஒருவர் 18 அகவைக்குக் கீழிருப்பின் இருவரையும் பிரித்து வைக்குமாறு 2016 பிப்ரவரியில் அவர் பணித்திருந்தார். இளஞ்சிறுமியரைக் கட்டாய மணத்தினின்று காப்பதே நோக்கம் என்றார். நோக்கம் தாழ்ந்ததன்று; கட்டாய மணத்திற் சிக்கிய சிறுமியைக் காத்தல் அரசின் கடமையே. ஆனால் எவள் கட்டாயத்திற் சிக்கியவள், எவள் கைக்குழந்தையோடு கணவனின் துணையை நாடுபவள் என்பதைக் கேட்டறிந்தன்றோ பிரித்தல் வேண்டும்? கேளாமலே எல்லாரையும் பிரிக்கச் சொன்னது சட்டப்புறம்பு என்று, 26 நடுவருள் 25 பேர் அவரைக் குற்றவாளி என்றனர். 60 நாள் சிறை ஒறுப்பு விதிக்கப்பட்டது.

மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 1987-இல் 'தமிழர்' என்ற ஒரே கட்டு. 2016-இல் 'குறுங்காலப் பாதுகாப்பினர்' என்ற ஒரு கட்டு, 'இளம் இணையர்' என்ற மற்றொரு கட்டு. கட்டைப் பிரித்து உள்ளிருப்போரை ஒருவர் ஒருவராகப் பார் என்பதே மும்முறையும் முறைமன்றங்கள் உணர்த்திய பாடம்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனையும் கேட்டல் வேண்டும். டென்மார்க்கு ஏறத்தாழ 60 இலக்கம் மக்களே கொண்ட சிறுநாடு. மருத்துவம், கல்வி, முதுமைக்காப்பு அனைத்தும் மக்கள் செலுத்தும் வரியினால் நடப்பன. வருவோர் மிகுந்தால் இவ்வமைப்புத் தாங்குமா, டேனிய மொழியும் வாழ்முறையும் நிலைக்குமா என்று அந் நாட்டார் கவல்வதை இகழ்தல் ஆகாது. தம் மொழியும் மண்ணும் காக்க விழைதல் எந்த மக்களுக்கும் இயல்பே. எத்துணைப் பேரை ஏற்பது என்று முடிவு செய்ய அவர்க்கு இடமுண்டு. ஆனால், ஏற்றபின் பாதி மாந்தனை உள்ளே வைத்து மறுபாதியை வெளியே நிறுத்துவதால் வரிச்சுமையும் குறையாது, மொழியும் வளராது.

2019-இல் அந் நாட்டுக் கொள்கை மேலும் திரும்பிற்று. ஏதிலியரை நிலைக்கச் செய்தலினும் திருப்பியனுப்புதலே நோக்கம் என்றாயிற்று. தமாசுகசு வட்டாரத்தில் நிலைமை தேறிவிட்டது என்று கூறி, அங்கிருந்து வந்த சிரியர் பலரின் தங்கல் இசைவுகள் நீட்டிக்கப்படவில்லை. அவருள் டேனிய மொழி கற்றுப் பள்ளியிறுதித் தேர்வை நெருங்கிய இளைஞரும் இருந்தனர். அன்றைய சிரிய அரசோடு தொடர்பின்மையால் அவர்களை வலிந்து அனுப்பவும் இயலவில்லை. வேலையின்றிப் புறப்பாட்டு இல்லங்களில் இருத்தவே இயன்றது. கற்ற மொழியைப் பயன்படுத்த விடாத நாடு, மொழி கற்கவில்லை என்று பிறரைக் குறைகூறுவது யாங்ஙனம்?

வேறு வழி அறியாமையால் அந் நாடு இவ்வாறு செய்தது என்றும் கூற இயலாது. 2022 மார்ச்சில், உக்கிரைன் மக்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை அது சில கிழமைகளிலேயே இயற்றிற்று. குடும்பங்கள் குடும்பங்களாகவே ஏற்கப்பட்டன. குழந்தைகள் விரைவிற் பள்ளி சேர்ந்தனர். பெரியோர் விரைவில் வேலை பெற்றனர். வழி தெரியும், வாய்ப்பும் உண்டு. அவ் வழி யாருக்குத் திறக்கப்படுகிறது என்பதே வினா.

தோழர்களே! 1987-இல் ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு தாளிலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அவள் மக்களின் பெயர்களும் அகவைகளும் இருந்தன. அத் தாளை எடுத்துப் படிக்குமாறு சட்டம் சொல்லிற்று; படிக்காதே என்று அமைச்சர் சொன்னார். இடையில் இருந்த அலுவலர் அமைச்சரின் சொல்லுக்கே பணிந்தனர். அதனால் ஓர் அமைச்சர் குற்றவாளியானார். ஓர் அரசு விலகிற்று. எனினும் காத்திருந்த குடும்பங்கள் இழந்த நாள்களை எந்த மன்றமும் மீட்டுத் தரவில்லை. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், உரிய காலத்தில் அவரவர் தாளை எடுத்துப் படித்து, அவரவர்க்கு விடை சொல்க. புகலிடம் தரும் எந் நாட்டிடமும் ஏதிலி கேட்கத்தக்க குறைந்த அளவு உரிமை அதுவே.