துணி மாத்த மாட்டேன்னு சொன்னவங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



மத்தவங்க எல்லாம் சேமிப்பு, கடன், கறவை மாடுன்னு தலைப்பு எடுத்துக்கிட்டாங்க. நான் ஒரு சினிமாவைப் பத்திப் பேசுறேன்னு சொன்னதும் தலைவி அக்கா சிரிச்சாங்க. கேட்டுட்டுச் சிரிங்க அக்கா. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். இது இங்கிலீஷ் படம். காலேஜில் படிக்கிற என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தபோது லேப்டாப்பில் போட்டுக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொண்ணா விளக்கினாள். ரெண்டாவது தடவை நானே தனியாகப் பார்த்தேன்.

படத்தின் பெயர் ‘ஜாக்கி’. 2016-ல் வந்தது. சிலி நாட்டுக்காரர் பாப்லோ லாரைன் எடுத்திருக்கிறார். நடாலி போர்ட்மேன் நடித்திருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலினைப் பற்றிய கதை. பிறந்ததில் இருந்து இறந்தது வரை எல்லாம் இல்லை. கணவர் செத்த பிறகு வந்த சில நாட்கள்தான் படம். முன்னும் பின்னுமாக மாத்தி மாத்திக் காட்டுவதால் முதலில் ஒண்ணும் புரியாது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1963 நவம்பர் 22. டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரம். கூரை இல்லாத காரில் புருஷனும் பெண்டாட்டியும் ஜனங்களுக்குக் கை காட்டிக்கொண்டு போகிறார்கள். குண்டு பாய்ந்து அவர் இவங்க மடியில் சாய்கிறார். அப்போது ஜாக்குலினுக்கு வயது 34. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வயசு. மகளுக்கு ஆறு வயசு நிறைய ஐந்து நாள் இருக்கிறது. மகனுக்கு மூணு வயசு நிறைய மூணு நாள். அதே வருஷம் ஆகஸ்டில்தான் ஒரு ஆண் குழந்தை பிறந்து ரெண்டே நாளில் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, கணவர் விரலில் தானே மாட்டிவிட்டார். நம்ம பக்கம் தாலியை யார் கழற்றுவது, எத்தனாம் நாள் கழற்றுவது என்பதை ஊரே முடிவு பண்ணும். கட்டியிருந்தவளை யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தச் சேதி என் மனசை என்னமோ பண்ணியது.

அதற்குப் பிறகு விமானம். பெட்டியில் கணவர் உடல் இருக்கிறது. சில மணி நேரத்துக்குள் அதே விமானத்தில் அடுத்த ஜனாதிபதி ஜான்சன் பதவி ஏற்கிறார். இவங்க பக்கத்தில் நிற்கணும். ரோஸ் கலர் உடுப்பு முழுக்க ரத்தம். மாத்திக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் என்கிறார். அவங்க என்ன செஞ்சாங்கன்னு அவங்களே பார்க்கட்டும் என்பதுதான் இவங்க எண்ணம். கூச்சல் போட்டு அழவில்லை. நின்றார், அவ்வளவுதான். அந்த உடுப்பைத் துவைக்காமல் அப்படியே அமெரிக்க அரசு ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்களாம். 2103 வரைக்கும் வெளியே யாருக்கும் காட்டக் கூடாது என்று ஏற்பாடு. வீட்டுக்கு வந்து தனியாகக் குளிக்கும்போது தண்ணீரோடு ரத்தம் முதுகில் வழிந்து போவதைக் காட்டுவார்கள். அங்கே பேச்சே கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒண்ணு சொல்றேன். உடலை வண்டியில் கொண்டு போகிறார்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் ஜாக்குலின் கேட்கிறார்: ஜேம்ஸ் கார்ஃபீல்டு யாருன்னு தெரியுமா? தெரியாது. வில்லியம் மெக்கின்லி? தெரியாது. ஆபிரகாம் லிங்கன்? அவரைத் தெரியும். மூணு பேருமே பதவியில் இருக்கும்போது சுடப்பட்டுச் செத்த ஜனாதிபதிகள். லிங்கன் 1865, கார்ஃபீல்டு 1881, மெக்கின்லி 1901. ரெண்டு பேரை ஜனங்கள் மறந்தே போனார்கள். என் கணவரையும் இப்படித்தான் மறப்பார்களா என்ற பயம் அந்தக் கேள்விக்குள்ளே இருக்கிறது.

உடனே லிங்கனின் இறுதி ஊர்வலம் எப்படி நடந்தது என்று பழைய விவரங்களைத் தேடி எடுக்கச் சொல்கிறார். தேவாலயம் வரை நடந்தே போவேன் என்கிறார். பாதுகாப்புக்காரர்கள் பதறுகிறார்கள். சுட்டவன் என்று பிடித்த ஆளையே போலீஸ் காவலில் இருக்கும்போது இன்னொருத்தன் சுட்டுக் கொன்றுவிட்டான். யாரை நம்புவது? ஆனாலும் நவம்பர் 25 அன்று கறுப்புத் துணி முகத்தை மூட, நடந்தார். பிரான்ஸ் ஜனாதிபதி டி கோல் முதற்கொண்டு பெரிய பெரிய தலைவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். அன்றைக்குத்தான் மகனுக்கு மூணாவது பிறந்தநாள். அப்பாவின் பெட்டிக்கு அந்தப் பிள்ளை சல்யூட் அடித்த படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

இவ்வளவும் பண்ணும்போதே வீட்டைக் காலி செய்யணும். வெள்ளை மாளிகை அடுத்தவருக்கு ஆகிவிட்டது. ரெண்டு வாரத்தில், டிசம்பர் 6-ல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து, பார்த்துப் பார்த்து அலங்கரித்து, 1962-ல் டிவியில் நாட்டுக்கே சுத்திக் காட்டிய வீடு அது.

ஒரு வாரம் கழித்து பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, கணவர் காலம் ஒரு நல்ல ராஜா ஆண்ட பொற்காலம் மாதிரி என்று சொல்கிறார். அவர் எழுதியதைத் தானே திருத்தவும் செய்கிறார். சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டே ‘நான் சிகரெட் பிடிக்கிறதில்லை’ என்கிறார்! கென்னடி எல்லாவற்றிலும் நல்லவர் இல்லை, பெண்டாட்டிக்கு உண்மையாகவும் இல்லை என்று படமே கோடி காட்டுகிறது. அப்படியிருக்க இந்தப் பொற்காலக் கதை எனக்கு முழுசா ஒப்பவில்லை. நாத்தனார் மகளோ, ‘மாமி, அவங்க கையில வேற என்ன மிச்சம் இருந்துச்சு?’ என்று கேட்டாள். ரெண்டு பேருக்கும் இன்னும் அந்தச் சண்டை தீரவில்லை.

அவங்க பணக்காரங்க, ஏவலுக்கு ஆள் இருந்தது, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்குப் புருஷன் தவறிப்போனார். பதினோராம் நாள் இறப்புச் சான்றிதழையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனாள். ‘பதினாறு கூட முடியல, அதுக்குள்ள பணத்துக்கு அலையுறா’ என்று தெருவில் பேசினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெண்டு, கட்ட வேண்டிய தவணை எல்லாம் அவள் தலையில். அவள் அழவில்லை என்று யார் சொன்னது? பஸ்ஸில் ஏறினதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். ஜாக்குலினையும் அப்படித்தான் பேசினார்கள், ரொம்பப் பகட்டு, ரொம்ப அழுத்தம் என்று.

கடைசியில் ஒரு காட்சி. 1956-ல் ஒரு பெண் குழந்தை இவங்களுக்கு இறந்தே பிறந்தது. அதையும், ஆகஸ்டில் போன பையனையும் வேறு வேறு ஊர்களில் இருந்து எடுத்து வந்து, ஆர்லிங்டன் கல்லறையில் அப்பா பக்கத்தில் அடக்கம் பண்ண வைத்தார். டிசம்பர் மாசக் குளிர். ரெண்டு சின்னப் பெட்டி. 1994-ல் அவங்களையும் அங்கேயேதான் அடக்கம் செய்தார்கள்.

மணி அடிக்கிறார்கள். படம் என் நாத்தனார் மகளிடம் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டம் முடிந்து யாராவது இருந்து பார்க்கிறதாக இருந்தால் சொல்லுங்கள், எடுத்து வரச் சொல்கிறேன்.