ஆண்டான் யார்?

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

வலிநீக்கி மாத்திரைகளின் பிடியில் சிக்கியவரைப் "போதை அடிமை" என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்புப் பணியில் இச்சொல்லை எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: அடிமை உண்டென்றால் ஆண்டான் யார்? முதலாளித்துவ ஊடகங்கள் அடிமையை மட்டுமே காட்டி, அவருடைய மனவலிமைக் குறைவைப் பேசி முடித்துவிடுகின்றன.

மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு மருந்துகள் கடும் வலியைத் தணிப்பவை. தொடர்ந்து உட்கொண்டால் உடல் அவற்றுக்குப் பழகி, மேலும் மேலும் கேட்கும், நிறுத்தினால் துடிக்கும், அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். இது உடலின் இயல்பேயன்றி ஒழுக்கக்கேடு அன்று.

அமெரிக்காவில் பர்டூ பார்மா நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மருந்து மெதுவாக வெளிப்படுவதால் அடிமைப்படும் ஆபத்து குறைவு என்று அதன் பிரதிநிதிகள் மருத்துவர்களை நம்பவைத்தனர். அக்காலத்தில் இத்தகைய கூற்றுகளுக்குச் சான்றாகப் பரவலாகக் காட்டப்பட்டது, 1980இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஐந்து வாக்கியக் கடிதம். அது மருத்துவமனையில் மருந்து பெற்ற நோயாளிகளைப் பற்றியது. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றியதன்று.

சுரங்கத்தில் உழைத்து உடல் நொந்த தொழிலாளர்கள் வாழும் மேற்கு வர்ஜீனியாவில், ஏறக்குறைய 400 பேர் வசிக்கும் கெர்மிட் என்னும் சிற்றூரின் ஒரு மருந்துக்கடைக்கு, இரண்டே ஆண்டுகளில் சுமார் 90 லட்சம் ஹைட்ரோகோடோன் மாத்திரைகளை விநியோக நிறுவனங்கள் இறக்கின. 1999 முதல் 2021 வரை, ஹெராயின், ஃபென்டனில் உட்பட ஓபியாய்டுகளின் மிகை அளவால் அந்நாட்டில் ஏறத்தாழ 6,45,000 பேர் மாண்டனர். பர்டூ நிறுவனம் 2007இலும் 2020இலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆயினும் உரிமையாளரான சாக்லர் குடும்பத்தில் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை.

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்துடன் அபின் விளைகிறது. ஆனால் வலியால் அலறும் ஏழைப் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் எட்டாக்கனி. நாட்டின் தேவையில் சுமார் 4 சதவீதமே நிறைவேறுகிறது என்று 2017இல் லான்செட் ஆணையம் கூறியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகள் மருத்துவமனைகளை ஒதுங்கச் செய்தன. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் பற்றாக்குறை தீரவில்லை. மார்ஃபின் மலிவானது, அதில் கொள்ளை லாபம் இல்லை. இதுவும் ஒரு காரணம்.

லாபம் உள்ள இடத்தில் நம் முதலாளிகளும் சளைத்தவர்கள் அல்லர். டபென்டடாலும் காரிசோப்ரொடாலும் கலந்த மாத்திரைகள் இங்கிருந்து கானா, நைஜீரியா முதலிய நாடுகளின் தெருக்களில் குவிந்தன. 2025 பிப்ரவரியில் செய்தி ஊடகம் அம்பலப்படுத்திய பிறகே ஒன்றிய அரசு அக்கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. இரண்டுக்கும் மதகு ஒன்றே: லாபம். ஆண்டான் அங்கேதான் இருக்கிறான்.

தோழர்களே, மாற்று வழி கனவு அன்று. கேரளத்தில் தன்னார்வலர்களும் உள்ளாட்சிகளும் வலிதணிப்புச் சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்றனர். 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. முறையான மேற்பார்வை இருந்தால் மார்ஃபினை மக்களுக்கு அச்சமின்றி அளிக்கலாம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் மார்ஃபின் இருப்பும் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு வழங்கும் பரிசுகளைத் தடுக்கச் சட்ட வலிமை கொண்ட விதிகள் வேண்டும். அடிமைப்பட்டவருக்குச் சிறை அன்று, சிகிச்சை வேண்டும். நம் கிளைகள் உள்ள பகுதிகளில் அத்தகைய குடும்பங்கள் வெட்கத்தால் கதவடைத்துக் கிடக்கின்றன. குற்றம் சுமத்தாமல் அக்கதவுகளைத் தட்டுவது நம் கடமை.