கல்லில் நிற்கும் காவல்காரர்கள்

ஆடி அமாவாசைக்குக் காரையாறு போனவர்கள், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதியைப் பார்த்திருப்பீர்கள். காணிக்கையாகத் தோல் செருப்புகள் தொங்கும். பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன் பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைப்பவரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவை மணப்பதற்காகச் செருப்புத் தைக்கக் கற்றவர். மாடு கவர வந்த கள்வரோடு மோதி மாண்டார், தெய்வமானார். வில்லுப்பாட்டில் அந்தச் சாவைப் பாடும்போது பந்தலில் அழாதவரை நான் பார்த்ததில்லை.

மாடு காத்து மாண்டவருக்குக் கல் நடுவது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதற்படி, வாழ்த்துவது கடைசிப்படி. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் உருவம் கிடையாது. தமிழ் பிராமியில் சில சொற்கள்தான். அவற்றில் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்தவனுடையது.

என் மனதுக்கு நெருக்கமான கல் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதாம். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்! இதை எனக்குத் தெரிந்த வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவரிடம் சொன்னேன். "நாயி பேரும் எழுதியிருக்கா தம்பி? அப்பம் அதுக்கும் படையல் உண்டும்லா!" என்றார். அவர் கேட்டதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது.

ஏறக்குறைய எடுத்தனூர்க் கல்லின் காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில், மங்கோலியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான் புல்வெளிகளில் துருக்கிய நாடோடிகளும் இறந்தவருக்குக் கல்மனிதர்களை நிறுத்தினார்கள். கையில் கிண்ணம், இடுப்பில் வாள், முகத்தில் மீசை. ஆனால் அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வென்று கொன்ற பகைவருக்காக 'பல்பல்' என்னும் கற்களை வரிசையாக நட்டார்கள். 732இல் குல் தெகின் என்ற இளவரசனுக்கு எழுந்த கல்வெட்டிலேயே பல்பல் பற்றிய பேச்சு வருகிறது. அங்கே, வீழ்த்திய பகைவனுக்குக் கல். எடுத்தனூரில், காவல் நின்ற நாய்க்கும் கல்லில் இடம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த நாளிலிருந்து நம் நடுகல் மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது.

நேரம் முடிகிறது. உங்கள் வயல் வரப்பிலோ குளத்தங்கரையிலோ உருவமோ எழுத்தோ உள்ள கல் கிடந்தால், துவைக்கவோ அஸ்திவாரத்துக்கோ எடுக்காதீர்கள். பெயின்ட் பூசவும் வேண்டாம். படம் எடுத்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து கோவிவனைப் போல் ஒரு பெயராவது வெளிவரும் என்று ஆவலோடு காத்திருக்கிறேன்.