காயலான் கடையில் ஒரு நல்ல சைக்கிள்

தமிழ்நாட்டில் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன வீடுகளில் அந்த வண்டிகள் செயின் துருவேறிக் கொல்லைப்புறத்தில் சாய்ந்து கிடக்கின்றன. இல்லையென்றால் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. இப்படிக் கழிந்த இரண்டு மூன்று வண்டிகளைக் கலந்து, வீட்டிலேயே ஒரு நல்ல சைக்கிளைக் கட்டிவிடலாம். அது ஒட்டுப்போட்ட வண்டியாக இருக்காது, முழு வண்டியாகவே இருக்கும் என்கிறேன். காரணம், சைக்கிளின் அளவுகள் பொது. கியர் இல்லாத வண்டிகளில் செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஒரு கம்பெனி செயின் இன்னொரு கம்பெனி பல்சக்கரத்தில் அப்படியே உட்காரும். பின் ஹப்பில் உருளுவது பெரும்பாலும் கால் அங்குல பால்ரஸ். எல்லாமே இப்படிப் பொருந்தாது என்பீர்கள். உண்மைதான். 26 அங்குலம் என்று பெயர் பெற்ற டயரிலேயே இரண்டு வகை உண்டு, ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது. ஆனால் அதற்கும் வழி டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது: 37-590, 47-559 என்று அச்சிட்டிருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் ரிம்மின் அளவு, மில்லிமீட்டரில். அது ஒத்துப்போனால் ஏறும்.

இந்த வேலையில் மனம் லயிக்கும் இடம் சக்கரம். நம் பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் பின்சக்கரத்தில்தான் அதிகம் என்பதால். தனிக் கம்பியைக் கையாலேயே வளைத்துவிடலாம். எல்லாமாகச் சேர்ந்து ஹப்பை நாலாபக்கமும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கும்போதுதான் இரண்டு ஆளைத் தாங்குகின்றன. பாரம் ஏறினால் அடிக்கம்பிகளின் விறைப்பு சற்றுக் குறையுமே தவிர, எதுவும் வளையாது. ரிம் கோட்டம் எடுப்பதும் இந்த விறைப்பைச் சீர்செய்வதுதான். வண்டியைக் கவிழ்த்துவைத்து, ஒரு சாக்பீஸை ரிம்முக்கு ஒட்டினாற்போல அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். துருத்தும் இடத்தில் கோடு விழும். இடப்பக்கம் துருத்தினால், அங்கே ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியின் நிப்பிளை, அதாவது ரிம் முனையிலுள்ள திருகை, ஸ்போக் சாவியால் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அடுத்தது காதின் வேலை. வானொலி கேட்டுப் பழகிய உங்களுக்கு அது கைகூடும். கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சீராக இருக்கிறது. பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்தில் சுருதி சற்றுக் கூடும். ஆகவே இடத்தை இடத்தோடும் வலத்தை வலத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

பழைய இரும்பை நம்பிப் பிள்ளையை ரோட்டில் அனுப்பலாமா என்ற கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் நம்பக் கூடாது. ஹேண்டில்பார் நுழையும் குழாய்க்குப் பின்னால், பிரேமின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், அது எங்கோ முட்டிய வண்டி. அந்த பிரேம் வேண்டாம். பின்னோக்கி வளைந்த முன் போர்க்கும் அப்படியே. செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், அரைக்கால் அங்குலம் கூடினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கேபிள் எல்லாம் புதிதாகவே வாங்குங்கள். இவ்வளவு வாங்கினாலும் புது வண்டியின் விலை ஆகாது. பிரேம், ரிம், ஹப், கிராங் எல்லாம் இரும்பு விலைக்கு வந்துவிடுகின்றன. சைக்கிள் கடைக்காரரின் பிழைப்பு கெடுமோ என்றும் தயங்க வேண்டாம். ஃப்ரீவீலைக் கழற்றவும் பற்றவைக்கவும் அவரிடம்தான் போக வேண்டும். கிடப்பில் கிடந்த வண்டி மறுபடி ஓடினால் அவருக்கும் வேலை கூடும்.

பெயின்டுக்கும் மட்கார்டுக்கும் இன்று நேரமில்லை. ஒன்று மட்டும் மறவாதீர்கள்: இடது பெடலின் மரை தலைகீழ், வலப்புறம் சுற்றினால்தான் கழலும். நம் பள்ளிகளின் தொழிற்கல்வி வகுப்பில் ஒரு பழைய சைக்கிளும் ஒரு ஸ்போக் சாவியும் விரைவில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.