முகத்தில் பூசும் முன் லேபிளைப் பாருங்கள்



சேமிப்பு, கடன், வட்டி பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்று முகத்துக்குப் போடுற கிரீமைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. இதுவும் நம்ம காசு, நம்ம உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நம் நாட்டில் 1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வந்தது. 2020-ல் அதன் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். பேர் மாறிச்சு, சிவப்பாகணும்ங்கிற நம்ம ஆசை மாறலை. அந்த ஆசையை வைத்துத்தான் ஊர் பேர் இல்லாத கிரீம்களும் விற்பனையாகின்றன.

ஒரே வாரத்தில் முகம் வெளுக்குதா? சந்தேகப்படுங்க. அதில் இரண்டு பொருள் இருக்கலாம்.

ஒன்று பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை இது தடுக்கும். ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், சிவப்பழகு கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் தள்ளிப்போடாதீங்க. முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கச் சட்டமே இடம் தரவில்லை.

இரண்டாவது ஸ்டீராய்டு. மெடிக்கலில், “மங்குக்கு ஒரு டியூப் குடுங்க”ன்னு கேட்டு வாங்குறோம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன நாள் கணக்குக்கு மட்டும் போட வேண்டிய மருந்து. மாதக்கணக்கில் பூசினா தோல் மெலிஞ்சு சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினா எரியும், எரியுதேன்னு மறுபடி பூசுவோம். ஏற்கெனவே பூசுறவங்க தோல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது.

வாங்கும்போது தயாரித்தவர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி, சேர்த்திருக்கும் பொருட்கள் எல்லாம் இருக்கா என்று பாருங்க. மெர்குரி, கலோமல் இரண்டும் பாதரசம்தான். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்க. பில் கேட்டு வாங்கி வையுங்க. ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

மங்கு வெயிலாலும், கர்ப்ப காலத்திலும் கூடும். வேலைக்குப் போகும்போது குடை, தலையில் துண்டு கட்டாயம். வசதி இருந்தால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடுங்க.

குழுக் கடனில் பார்லர் வைத்திருக்கும் தங்கைகளே, லேபிள் இல்லாத டப்பாவில் லாபம் அதிகமா இருக்கலாம். ஆனால் உங்களை நம்பி முகத்தைக் காட்டுறது நம்ம ஊர்ப் பெண்கள். அதை விற்காதீங்க.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, வீட்டில் இருக்கிற கிரீமை எல்லாரும் எடுத்து வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிச்சுப் பார்ப்போம்.