கூடிச் செல்லும் தோணிகள்

மட்டக்களப்பு நகரைச் சூழ நீர் இருக்கின்றது என்று சொல்வதிலும், நீரின் நடுவே மட்டக்களப்பு நகர் இருக்கின்றது என்று சொல்வதே பொருத்தமாகும். பழைய நகரின் உள்ளமாகிய புளியந்தீவு பெயரளவில் மட்டுமன்றி உண்மையிலேயே ஒரு தீவு. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை எல்லை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கின்றது. அதன் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. கடலையும் சந்தையையும் கல்லூரிகளையும் கொண்டது முன்னது. நெல்வயலையும் கால்நடைகளையும் காட்டையும் கொண்டது பின்னது.

இவ்விரு கரைகளையும் ஒரு காலத்தில் இணைத்தது தோணியே. நெல் மூடையும் தோணியில் வந்தது. மணமகளும் தோணியில் வந்தாள். நோயாளியும் தோணியிலேயே வைத்தியசாலைக்கு வந்தான். பின்னர் பாலங்கள் எழுந்தன. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. பாலம் வந்தது பெரும் நன்மை; அதில் ஐயமில்லை. ஆயினும் இடையிலே போர்க்காலம் ஒன்று இருந்தது. 2007 ஆம் ஆண்டு வரை பல ஆண்டுகள் இவ்வாவியே இரு வேறு ஆட்சிப் பகுதிகளுக்கு எல்லையாக நின்றது. அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாவி என்றால் விளையாட்டன்று, அச்சம். இன்று பிள்ளைகள் பலர் வாவியைப் பாலத்தின் மேலிருந்து பேருந்தின் சன்னல் வழியாகவே காண்கின்றனர். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தும் துடுப்பைக் கையால் தொட்டறியாதார் பலர்.

ஆதலால், இளைஞர்கள் கழகமாகக் கூடித் தோணிகளில் வாவியைச் சுற்றிவர விரும்புவார்களாயின், அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் தகாது. மறந்துபோன ஒரு வழியை மீண்டும் கற்கும் முயற்சி அது. ஆனால் அம்முயற்சியை ஒழுங்கு செய்பவர் யாவர், அவர் எதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே கேட்கத்தக்க வினா.

துடுப்புத் தோணிப் பயணத்தை ஒரு விளையாட்டாக மேனாட்டார் கைக்கொண்டது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே. சிறு தோணியைக் குறிக்கும் கனூ என்னும் சொல்லே கரிபியன் தீவுகளின் பழங்குடியினரிடமிருந்து ஐரோப்பியர் பெற்றது. 1865 ஆம் ஆண்டு ஜோன் மக்கிரெகர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 'றொப் றோய்' என்று பெயரிட்ட சிறு தோணியில் ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் தனியராய்ச் சுற்றிவந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் தோணிக்கழகம் ஒன்று தோன்ற வழிசெய்தார். சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் தமையனார் வாரிங்டனும் தோணிப் பயணத்தில் தோய்ந்தவரே. கடற்சாரணருக்கான கைந்நூலை 1912 இல் எழுதியவர் அவர். அதே 1912 ஆம் ஆண்டிலேதான் எவ். ஜி. ஸ்ரீவன்ஸ் என்பவர் இலங்கையின் முதற் சாரணர் குழுவை அமைத்தார். அமைத்த இடம் கொழும்பன்று, கண்டியன்று, மாத்தளை. எனவே, சிறுவரைக் குழுவாக்கி வெளியுலகுக்கு அழைத்துச் செல்லும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று.

மக்கிரெகர் தனியே சென்றார். அவர் பிழை செய்திருப்பின் அதன் பயனை அவர் ஒருவரே அனுபவித்திருப்பார். பத்துப் பேரை அழைத்துச் செல்பவர் நிலை அத்தகையதன்று. அவர் பிழையைப் பிறர் பிள்ளைகள் சுமக்க நேரிடும். இதனை உலகுக்கு உணர்த்திய துயர நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1993 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22 ஆம் நாள். இங்கிலாந்தின் தென்கரையில் லைம் குடா என்னும் இடம். பிளிமத் நகரப் பாடசாலை ஒன்றின் மாணவர் எண்மர், ஆசிரியர் ஒருவர், பயிற்றுநர் இருவர் ஆகப் பதினொருவர் சிறு தோணிகளில் புறப்பட்டனர். செல்லவேண்டிய தூரம் மூன்று கிலோமீற்றர் அளவே. நண்பகலுக்குள் கரை சேர்ந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் ஆசிரியரின் தோணி கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றார். தோணி மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. மற்றப் பயிற்றுநர் மாணவர் எண்மரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்தார். கரையிலிருந்து கடல் நோக்கி வீசிய காற்று இவர்களை மெல்ல மெல்ல வெளியே தள்ளிற்று. ஒரு குழு இரண்டாயிற்று. ஒருவரை ஒருவர் காணவும் இயலவில்லை. தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நீர் நிறைந்து அமிழ்ந்தன. குறித்த நேரம் கடந்து சில மணி நேரமாகிய பின்னரே மீட்புப் படையினருக்குச் செய்தி எட்டிற்று. குளிர்நீரிற் கிடந்த மாணவருள் நால்வர் உயிர் துறந்தனர்.

இதிலே நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. அப்பயணத்தை நடத்திய நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய பயிற்றுநர் இருவர், அங்குப் பாதுகாப்புப் போதாது என்று முந்திய ஆண்டிலேயே கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, செவிதான் இல்லை. நிலையத்தின் தலைவர் சிறை சென்றார். 1995 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இளையோருக்கான இத்தகைய நிலையங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிற்று. சட்டம் பின்னர் வந்தது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

அது கடல், இது வாவி என்று கூறி ஆறுதல் கொள்வதற்கில்லை. 2021 நவம்பர் 23 ஆம் நாள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியிலே பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். கரை கண்ணெதிரே இருந்த சிறு நீர்ப்பரப்பு அது. நீர் ஆழமா, ஆழமில்லையா என்பது நீந்தத் தெரியாத பிள்ளைக்கு வேற்றுமையாகாது.

இனி, வாவியிற் குழுவாகச் செல்லும் முறையைக் காண்போர், முதலிற் காற்றை அறிதல் வேண்டும். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய, மேற்குப் புறத்து வெள்ளம் வாவியில் வந்து சேரும். அது பயணத்துக்குரிய காலமன்று. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து உலர்ந்து வெப்பமாய் வீசும். அக்காலத்தில் படுவான்கரையோரம் அமைதியாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்புதல் கூடாது. கரையோரத்து மரங்களின் மறைவை விட்டு நீங்கியவுடன் காற்றுத் தோணியை வாவியின் நடுவுக்குத் தள்ளும். லைம் குடாவில் நிகழ்ந்ததும் அதுவே. மாசி பிற்பகுதியும் பங்குனியும் சித்திரையும் புதியவர்க்கு ஏற்ற காலம். அப்போதும் காலையிலேயே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் கரையடைதல் நலம். முற்பகலில் கண்ணாடி போற் கிடந்த நீர் பிற்பகலில் அலை கொள்ளும். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் சென்று, களைப்புற்றுத் திரும்பும்போது காற்றைத் துணையாகக் கொள்ளுமாறு வழியை வகுத்தல் அறிவுடைமை.

அடுத்தது முகத்துவாரம். பாலமீன்மடுவில் வாவி கடலோடு கலக்கும் வாயிலைக் கோடையில் மணல் அடைத்துவிடும். வெள்ளக் காலத்தில் அது திறக்கும் அல்லது வெட்டித் திறக்கப்படும். அடைபட்டிருக்கும்போது அங்கே குளத்து நீரின் அமைதி. திறந்திருக்கும்போதோ நீரோட்டம் தோணியைக் கடலுக்கே இழுத்துச் செல்லும். போன மாதம் கண்ட முகத்துவாரம் இந்த மாதமும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுபவர் வழிகாட்டியாக இருக்கத் தகுதியற்றவர்.

இவற்றையெல்லாம் நூலிற் கற்பதிலும் மீனவரிடம் கற்பதே எளிது. எந்தத் துறையிற் சேறு கால்களை விழுங்கும், எங்கே வலை கட்டியிருக்கும், எந்த ஓடையில் முதலை நடமாட்டம் உண்டு என்பன அவர்கள் நாள்தோறும் காண்பவை. ஆகவே பயணத்துக்கு முந்திய நாள், ஒழுங்கு செய்பவர் அந்த வழியைத் தாமே ஒருமுறை சென்று பார்த்தலும், துறையிலிருக்கும் மூத்த மீனவர் ஒருவரிடம், "ஐயா, நாளைக்குப் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வரலாமா?" என்று கேட்டலும் இன்றியமையாதவை. அவர் வானத்தைப் பார்த்து, "நாளைக்கு வேண்டாம் தம்பி" என்று சொன்னால், அச்சொல் வானிலை அறிக்கைக்கு அடுத்தபடி மதிக்கத்தக்கது.

புறப்படும் நாளில், செல்வோர் பெயரெல்லாம் எழுதிய பட்டியல் ஒன்று கரையில் நிற்கும் பொறுப்பான ஒருவரிடம் இருத்தல் வேண்டும். எவ்வழி செல்கின்றனர், எத்தனை மணிக்குத் திரும்புவர், எத்தனை மணிவரை காத்திருந்து அதன்பின் உதவிக்கு ஆள் அனுப்புவது என்பனவும் அதிற் குறிக்கப்படல் வேண்டும். லைம் குடாவில் இழக்கப்பட்டது அந்த நேரமே. உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவர் உடம்பிலும் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். தோணியின் அடியில் மடித்து வைத்த அங்கி யாரையும் காத்ததில்லை.

மூன்று தோணிக்குக் குறைந்து குழுப் பயணம் செல்லலாகாது என்பது அனுபவமுள்ளோர் கொள்கை. ஒன்று கவிழ்ந்தால் ஒன்று உதவும். மற்றொன்று செய்தி கொண்டு செல்லும். வழியறிந்த ஒருவர் முன்தோணியில். வலிமையும் பொறுமையும் உள்ள ஒருவர் கடைத்தோணியில். முன்தோணியை எவரும் முந்தலாகாது. கடைத்தோணிக்குப் பின் எவரும் தங்கலாகாது. இடையிற் செல்லும் ஒவ்வொரு தோணியும் தனக்குப் பின்வரும் தோணியை அடிக்கடி திரும்பிப் பார்த்தல் வேண்டும். துடுப்பைத் தலைக்குமேல் கிடையாகப் பிடித்தால் 'நில்' என்பது பொருள். செங்குத்தாக உயர்த்தினால் 'வா' என்பது பொருள். மும்முறை நீள ஊதும் சீழ்க்கை ஆபத்தின் குறி. தோணி கவிழ்ந்தால் அதனை விட்டுக் கரை நோக்கி நீந்த முற்படாது, மிதக்கும் தோணியைப் பற்றியிருத்தல் வேண்டும். மற்றத் தோணியினர் அதனைத் தம் தோணியின் குறுக்கே இழுத்து நீரைக் கவிழ்த்து, நிமிர்த்திக் கொடுப்பர். இதனை இடுப்பளவு நீரில் பலமுறை பயின்ற பின்னரே பயணம்.

குழுவின் வேகம் என்பது மிக மெதுவான தோணியின் வேகமே. இது சொல்ல எளிது, நடைமுறையில் அரிது. வலிய இளைஞர் விரைந்து சென்று முன்னே காத்திருப்பர். பின்னே களைத்து வந்த சிறுவன் வந்து சேர்ந்தவுடன், இளைப்பாறியிருந்தோர் உடனே புறப்பட்டுவிடுவர். களைத்தவனுக்கு ஓய்வே இல்லை. நல்ல தலைவர் கடைசித் தோணி வந்தபின் அனைவரையும் மீண்டும் இருத்துவார். வலியவனையும் மெலியவனையும், எழுவான்கரைப் பிள்ளையையும் படுவான்கரைப் பிள்ளையையும் ஒரே தோணியில் இருவராக அமர்த்துவார். இருவர் துடுப்பும் ஒத்து விழாவிடின் தோணி நேரே செல்லாது. அவர்கள் பேசியே தீரவேண்டும்.

நீரில் ஒழுக்கமும் உண்டு. வலையின் மேல் தோணியைச் செலுத்துதல் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவின் மேல் நடப்பதாகும். கரையோரக் கண்டற் காட்டிற் கிளை ஒடித்தலும் ஆகாது. அங்குள்ள தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. பறவைகள் கூடு கட்டும் இடங்களை விலகிச் செல்லுதல் நன்று.

இவை அனைத்திலும் கடினமானது ஒன்று உண்டு. அது, புறப்படாமல் நிறுத்துதல். பிள்ளைகள் விடியுமுன் வந்து நிற்பர்; பெற்றோர் சோற்றுப்பொதி கட்டிக் கொடுத்திருப்பர்; வாகனத்துக்கு வாடகை கொடுத்தாயிற்று. அந்த வேளையில் மேற்கு வானம் கறுக்கும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்னும் சொல் ஒவ்வொரு வாயிலும் பிறக்கும். அச்சொல்லுக்கு இணங்காது, "இன்றைக்கு இல்லை, வேறொரு நாள்" என்று கூறும் துணிவு தலைவர்க்கு வேண்டும். அன்று பிள்ளைகள் முகம் வாடும். சிலர் அவரைக் கோழை என்றும் கூறுவர். அந்தப் பழியை ஏற்பதற்காகவே அவர் தலைவராக இருக்கின்றார். கரையிலிருந்து சோற்றுப்பொதியை அவிழ்த்து எல்லோரும் உண்டு வீடு திரும்பிய நாளும் நல்ல பயண நாளே.

பயிற்சி முதிர்ந்த குழுவினர்க்கு இவ்வாவி வைத்திருக்கும் பரிசு ஒன்றுண்டு. முழுநிலா நாளில், காற்றடங்கிய இரவில், கல்லடிப் பாலத்தருகே நீரினின்று ஓர் இன்னொலி எழும் என்பதை நேயர்கள் அறிவர். மீன்பாடும் தேன்நாடு என்னும் பெயர் அதனால் வந்தது. அவ்வொலியை இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார்; இலங்கை வானொலி வாயிலாகவும் அது ஒலித்தது. பாடுவது மீனா, சிப்பியா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. கேட்கும் முறை மட்டும் பழையது: துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு பொருத்துவர். ஆனால் ஒரு தோணியில் ஒருவன் துடுப்பை அசைத்தாலும் அவ்வொலி எவர்க்கும் கேளாது. பத்துத் தோணியினரும் ஒருங்கே ஓய்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு ஓய்ந்திருக்கக் கற்ற குழுவை நம்பிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்பலாம்.